கற்றவர் கற்பித்த கொச்சி

கொச்சிக்குப் போகிறவர்கள் சீன வலைகளைப் பார்க்கிறார்கள். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் ஏலக்காயும் வாங்குகிறார்கள். யூதத் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வகுப்பறையே பிழைப்பாகிப் போன எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஊரில் வேறொரு சரக்கும் இருக்கிறது. எழுத்தே தெரியாத ஒருவரிடம் எழுத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது, அதற்குக் கையில் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியோடு ஐந்நூறு ஆண்டுகளாக இந்தக் காயல் கரையில் மனிதர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். முத்துக்குளித்துறையில் தான் பாடம் சொன்ன விதத்தை விவரித்து இயேசு சபைப் பாதிரியார் பிரான்சிஸ் சவேரியார் கடிதம் எழுதியது இங்கிருந்துதான். தமிழ் எழுத்தில் அச்சான இரண்டாவது புத்தகம் அச்சேறியது இங்கேதான். அது ஒரு பாடப் புத்தகம். நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று 1990ல் அறிவிக்கப்பட்ட எர்ணாகுளத்துக்குள்தான் மட்டாஞ்சேரியும் இருக்கிறது.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை எடுக்கும் இடைநிலை ஆசிரியை. டி.எல்.எம். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் கற்பித்தல் துணைக்கருவிகளோடுதான் என் பொழுது போகிறது. சார்ட், அட்டை, மணிச்சட்டம், புளியங்கொட்டை, தீக்குச்சி என்று அலமாரி நிறைய இருக்கிறது. அவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது என்ற கேள்வி பல ஆண்டுகளாக மனதில் கிடந்தது. காலாண்டு விடுமுறையும் விஜயதசமியும் ஒட்டி வந்தபோது ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கினேன்.

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு போகிறது. அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ. இந்தக் காயலைக் கடக்கும் ஆசிரியர் எவரும் பண்டிட் கறுப்பனை நினைக்காமல் கடக்கக் கூடாது. சேரானெல்லூரில் மீனவர் குடும்பத்தில் 1885ல் பிறந்தவர். சமஸ்கிருதம் கற்று ஆசிரியரானவர். அந்நாளில் கொச்சி ராஜ்ஜியத்தில் புலையர்கள் கூட்டம் கூட ஒரு சாண் நிலம் யாரும் தரமாட்டார்கள். 1913ல் அவர்கள் இந்தக் காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் தங்கள் மாநாட்டை நடத்தினார்கள். கரையில் இடம் மறுத்தவர்களால் நீரில் தடுக்க முடியவில்லை. அந்த முயற்சிக்குப் பின்னால் நின்றவர் கறுப்பன்.

அவர் எழுதிய ‘ஜாதிக்கும்மி’யை ஒரு துணைக்கருவியாகத்தான் நான் பார்க்கிறேன். காசியில் ஆதிசங்கரருக்கு எதிரே வந்த, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், விலகச் சொன்னவரிடம் எதை விலகச் சொல்கிறீர் என்று கேட்கும் பழங்கதை அது. கறுப்பன் அதைக் கும்மி மெட்டில் எழுதினார். பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைக்க விடப்படாதவர்களுக்குப் புத்தகம் போட்டு என்ன ஆகப் போகிறது? கும்மியோ ஒரு முற்றத்தில் பாடினால் அடுத்த முற்றத்துக்குத் தானே போய்விடும். எழுத்தறியாத வாய்களின் வழியாகத்தான் அந்தப் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. நன்றாகச் செய்த துணைக்கருவி ஆசிரியர் இல்லாத இடத்திலும் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுநாள் விஜயதசமி. விடியும்போதே கோயில் மண்டபத்தில் வரிசை நின்றது. கேரளத்தில் எழுத்துக்கிருத்தும் நாள் இது. மூன்று வயதை ஒட்டிய பிள்ளைகள் புது வேட்டியும் பட்டுப் பாவாடையுமாக வந்திருந்தார்கள். பெரிய தட்டுகளில் பச்சரிசி பரப்பியிருந்தது. எழுதிவைக்க அமர்ந்திருந்த பெரியவர் பிள்ளையை மடியில் இருத்தி, தங்க மோதிரத்தால் நாவில் எழுதி, பிறகு அதன் ஆள்காட்டி விரலைப் பிடித்து அரிசியில் ‘ஹரிஸ்ரீ’ எழுத வைத்தார். அழாத பிள்ளை அபூர்வம். நான் தூணோரம் உட்கார்ந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் சட்டை போட்ட ஒரு பையன் கத்திக் கூப்பாடு போட்டான். முதல் எழுத்து முடிந்ததும் அழுகை பாதியில் நின்றது. அரிசியில் விழுந்த தடத்தைப் பார்த்தான். பெரியவர் கையை விட்டதும் உள்ளங்கையால் அதை அப்படியே வழித்து அழித்துவிட்டு, தானே ஒரு கோடு இழுத்தான். மறுபடி அழித்தான், மறுபடி இழுத்தான். வரிசை காத்திருந்ததால் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனார்.

அந்தப் பையன் செய்ததில் தொடக்கக் கல்வியின் பாதி இருக்கிறது. அரிசியிலும் மணலிலும் எழுதும்போது விரலுக்கு ஒரு தடை தெரிகிறது. எங்கே வளைகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதைக் கண்ணுக்கு முன்னால் விரலே அறிகிறது. அதைவிட முக்கியம், தப்பு தங்குவதில்லை. வழித்துவிட்டால் போயிற்று. நோட்டில் பென்சிலால் எழுதும் பிள்ளை ரப்பர் தேடுகிறது, தாள் கிழிகிறது, சிவப்பு மை வந்து குந்துகிறது. முதல் மாதத்தில் ஒரு பிள்ளை நூறு முறை தப்பாக எழுதியாக வேண்டும். அந்த நூறு தப்பையும் தாங்கிக்கொள்ளும் பலகை மணல் ஒன்றுதான்.

நம்முடைய திண்ணைப் பள்ளியும் கேரளத்து எழுத்துப்பள்ளியும் மணலில்தான் தொடங்கின. இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623ல் கர்நாடகத்து இக்கேரியில் இதை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைத் தூவி, ஒருவன் ராகமாகச் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்லியபடி விரலால் எழுதினார்களாம். தரை நிறைந்ததும் அழித்து, மறுபடி மணல் தூவிக்கொண்டார்களாம். ஆசிரியர் அருகில் இல்லாமலே இது நடந்ததுதான் அவரை வியக்க வைத்தது.

இதே காட்சியைச் சென்னையில் கண்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல். எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் இல்லத்துக்கு 1789ல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ‘மலபார்’ பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அன்றைய ஆங்கிலேயர் தமிழரை ‘மலபார்’ என்றுதான் அழைத்தார்கள். தன் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியருக்கு அது சரிப்பட்டு வரவில்லை. பெல் எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். பையன் செய்து காட்டினான். 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார் பெல். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நம் சட்டாம்பிள்ளைதான் அந்த ஜான் ஃபிரிஸ்கன். ஆனால் இதில் பெருமைப்பட்டு நின்றுவிட எனக்கு மனமில்லை. திண்ணையில் பெண் பிள்ளைகள் அரிது; பல சாதிகளுக்கு அந்தத் திண்ணைப் பக்கம் வரவே வழியில்லை. மணல் எல்லோர் வாசலிலும் கிடந்தது, எழுத்து சிலருக்குத்தான் கிடைத்தது. கறுப்பன் படகுகளைக் கட்டியது அதனால்தான்.

யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் அந்தப் பள்ளிக்கூடங்களின் மிச்சங்கள் விலைக்குக் கிடக்கின்றன. ஒரு கடையில் நெல் அளக்கும் பறைகள் வரிசையாக இருந்தன; வாயைச் சுற்றிப் பித்தளைப் பூண் போட்ட மரப்பறைகள். அவற்றின் நடுவே ஓர் எழுத்தாணி. மலையாளத்தில் நாராயம். “எடுத்துப் பாருங்க சேச்சி” என்றார் கடைக்காரர். கையில் வைத்ததும் அதன் கனம்தான் முதலில் தெரிந்தது. ஒரு முனை ஊசி. மறுமுனையில் ஓலை நறுக்கும் கத்தி மடக்கி வைத்திருந்தது. பிடிக்கும் இடம் பல கைகள் பட்டு மழமழத்திருந்தது. ஓலையில் எழுதும்போது நகருவது ஓலைதான், ஆணி அல்ல. இடது கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு வெட்டு வைத்து அதில் ஆணியைத் தாங்கிக்கொள்வார்கள். மணலில் கை பழகிய பிறகுதான் இந்தக் கனத்தைப் பிள்ளையிடம் கொடுத்தார்கள். ஆசான் எழுதிக் கொடுத்த ஏட்டின் மேலேயே பிள்ளை எழுதிப் பழகும். பிறகு தனக்கென ஒரு சுவடியைத் தானே எழுதிக்கொள்ளும். தமிழ்ப் பக்கத்தில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் அப்படி உருவானவைதான். பாடப் புத்தகம் மாணவரின் கையெழுத்தில் இருந்த காலம் அது.

பறையைப் பார்த்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. மலையாள முதல் வகுப்பில் பல தலைமுறைகள் ‘தற, பற’ என்றுதான் படிக்கத் தொடங்கியிருக்கின்றன. அகரத்தில் ஆரம்பிக்காமல், எழுத எளிய சில எழுத்துகளை எடுத்து, அவற்றால் ஆன வீட்டுச் சொற்களை முதலில் கொடுப்பார்கள். பறை வீட்டில் இருக்கிறது, தரை காலடியில் இருக்கிறது. பிள்ளை முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிடும். வாசித்தேன் என்ற சந்தோஷம் கிடைத்த பிள்ளையை அப்புறம் யாரும் பிடித்துவைக்க வேண்டியதில்லை. இதை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். பன்னிரண்டு உயிரெழுத்தும் தெரிந்த பிள்ளை வெறித்துப் பார்க்கும். ‘படம்’ என்ற ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளை பள்ளிச் சுவர் முழுக்க அதைத் தேடும்.

அதே யூதத் தெருவின் கோடியில் 1568ல் கட்டிய பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. எல்லோரும் அதன் தரையில் பதித்த சீனத்து ஓடுகளையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் பார்க்கிறார்கள். கொச்சி யூதப் பெண்களின் பாட்டு நோட்டுகளை நான் முக்கியமாக நினைக்கிறேன். திருமணத்துக்கும் பண்டிகைக்கும் பாடும் மலையாளப் பாட்டுகளை அவர்கள் தங்கள் கையால் நோட்டுகளில் எழுதி, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். வேதத்தின் ஹீப்ரு ஆலயத்தில் இருந்தது. வீட்டின் மலையாளம் பெண்களின் நோட்டில் இருந்தது. இந்தத் தெருவில் 1912ல் பிறந்த ரூபி டேனியல், 1951ல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு, முதிய வயதில் அந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை பிழைத்ததற்குப் பெண்களின் கையெழுத்துதான் காரணம்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் போனேன். பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாக ஓடுகிறது. எழுத்தில்லாமல் கதை சொல்வதைப் படிக்க விரும்புகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் நிற்கலாம்.

மாலையில் ஃபோர்ட் கொச்சியின் பழைய தெருக்களில் நடந்தேன். போர்த்துக்கீசியர் காலத்தில் இங்கே ‘மாத்ரி தெ தேவுஸ்’, அதாவது தேவதாய் பெயரில் இயேசு சபையின் கல்லூரி ஒன்று இருந்தது. 1663ல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் கட்டடங்களில் பெரும்பாலானவை போயின. இன்று அந்தக் கல்லூரி இல்லை. தமிழர்கள் அதைத் தேடியாவது பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1579 நவம்பர் 14 அன்று ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சானது அந்தக் கல்லூரியில்தான்.

கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில், தான் என்ன செய்தேன் என்று படிப்படியாக விவரிக்கிறார். தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து மந்திரங்களைத் தமிழாக்கினார். தானே அதை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தினம் இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார். பிறகு, நீங்கள் கற்றதை அப்பா அம்மாவுக்கும் அக்கம் பக்கத்துக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்.

சமயம் பரப்பும் நோக்கம் ஒருபக்கம் இருக்கட்டும். ஓர் ஆசிரியராகப் படித்தால் இந்தக் கடிதத்தில் நமக்கு இரண்டு செய்திகள் உண்டு. கற்பவரின் மொழியில்தான் தொடங்க வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கியிருக்கிறது. பிள்ளையே வீட்டுக்கு ஆசிரியர் என்பதும் விளங்கியிருக்கிறது. குறையும் உண்டு. ஒரு மாதத்தில் ஓர் ஊர் என்று ஓடியவரின் முறையில் ஒப்பித்தல் இருந்ததே தவிர, கேள்விக்கு இடம் இல்லை.

அந்த இடத்தை நிரப்ப முயன்றவர் அவருக்குப் பின் வந்த அன்றிக்கு அன்றீக்கசு அடிகளார். பல ஆண்டுகள் முத்துக்குளித்துறையிலேயே வாழ்ந்து தமிழைக் கற்றவர். 1578 அக்டோபர் 20ல் கொல்லத்தில் அவருடைய 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ அதைவிடப் பெரியது, அமைப்பிலும் வேறு. போர்ச்சுகலில் மார்க்கோஸ் ஜார்ஜ் சிறுவர்களுக்குப் போதிப்பதற்காகவே உரையாடல் வடிவில் எழுதிய நூலின் தமிழாக்கம் அது. குரு கேட்க, சீடன் விடை சொல்வான். தூத்துக்குடியில் தமிழறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகள் 1963ல் இதைப் பதிப்பித்ததால் இன்று நம்மால் படிக்க முடிகிறது.

அந்தப் பக்கங்களில் எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ஓலையில் எழுதிய வழக்கமே அப்படியே ஈயத்தில் வார்க்கப்பட்டது. பக்கத்தில் ஒருவர் இருந்து வாய்விட்டுச் சொல்லிக் காட்டினால்தான் புது வாசகருக்கு அது கைவரும். வினாவும் விடையுமாக அமைந்த நூலுக்கு இரண்டு பேர் வேண்டும். தனியாக வாசிக்கும் புத்தகமே அல்ல அது. இன்றைய ஆசிரியர் கையேடுகள் ‘இணையாகச் செய்க’ என்று அச்சிடுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்னால் கொச்சியில் ஒரு தமிழ்ப் புத்தகம் அதைத் தன் உடம்பிலேயே வைத்திருந்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மஞ்சளும் மணக்கும் பாண்டிகசாலைகளுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே எல்லோரும் ‘மாஷ்’, அதாவது வாத்தியார் என்று அழைத்த ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். நானும் பள்ளிக்கூடம்தான் என்றதும் “அப்போ டீச்சர், சாயா நம்ம கணக்கு” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். 1989ல் கல்லூரி மாணவராக எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராகச் சேர்ந்து ஒரு வீட்டுத் திண்ணையில் வகுப்பு எடுத்தவர். அவர் வகுப்பில் இருந்தவர்கள் சுமை தூக்குபவர்களும் கிடங்குகளில் இஞ்சி புடைக்கும் பெண்களும். பலர் அவருடைய அம்மாவின் வயது.

எர்ணாகுளத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1962ல் தொடங்கிய மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, ஒரே மாவட்டத்தில் ஒரே மூச்சில் எல்லோருக்கும் எழுத்தறிவு என்று இறங்கின. கலைஜாதா என்ற தெரு நாடகக் குழுக்கள் முதலில் ஊர் ஊராகப் போயின. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். சுமார் 20,000 தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் பாடம் எடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி. சிங் வந்து அறிவித்தார். அதே ஆண்டு யுனெஸ்கோவின் மன்னர் செஜோங் எழுத்தறிவுப் பரிசு பரிஷத்துக்குக் கிடைத்தது.

மாஷிடம் நான் கேட்டது இவை அல்ல. என்ன பொருள் வைத்துப் பாடம் எடுத்தீர்கள் மாஷே என்று கேட்டேன். பாடநூல் இருந்தது, பலகை இருந்தது என்றவர் கொஞ்சம் யோசித்து, “கண்ணாடி” என்றார். வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் ஆகியும் சில அம்மாக்களுக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லையாம். வயதாகிவிட்டது, மூளையில் ஏறாது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்களாம். பிறகுதான் பார்வை மங்கியிருப்பது தெரிந்திருக்கிறது. “எழுத்து தெரியலைன்னு நினைச்சோம் டீச்சர். கண்ணுதான் தெரியலை” என்றார். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பொடி எழுத்து எப்படித் தெரியும்? எர்ணாகுளம் இயக்கம் இதை மாவட்ட அளவில் எதிர்கொண்டது. கண் பரிசோதனை முகாம்கள் நடந்தன. மக்களிடம் மூக்குக் கண்ணாடிகளை நன்கொடையாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்கள். கற்பித்தல் துணைக்கருவிகள் பட்டியலில் மூக்குக் கண்ணாடியை இதுவரை எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை. என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளைகளை அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

எர்ணாகுளம் நெருப்பு அடுத்து நம் பக்கம் பற்றியது. 1990 அக்டோபரில் தொடங்கிய பாரத ஞான விஞ்ஞான ஜாதா நாடு முழுக்க இந்த முறையைக் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் எழுந்தது. புதுக்கோட்டையில் 1991ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பாடம் எடுக்கும் பெண் பக்கத்து ஊருக்குத் தானே போக முடிந்தால்தான் இயக்கம் நடக்கும் என்று கண்டவர்கள், சைக்கிளையே துணைக்கருவியாக்கினார்கள். அந்தக் காலத்தில் கற்றுக்கொண்டு, பிறகு கற்றுக்கொடுத்தவர்களும் உண்டு. சவேரியாரின் பிள்ளைகள், பெல்லின் ஃபிரிஸ்கன், கும்மி பாடிய முற்றங்கள், பாட்டு நோட்டு எழுதிய பெண்கள் எல்லோரையும் இணைப்பது இதுதான். நேற்றுக் கற்றவர் இன்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எழுத்து ஓர் ஊருக்குள் நிலைக்கிறது.

ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் டோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைத்து, கஞ்சி போட்டு, தேய்க்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் தமிழ் கேட்டது. நிலக்கரிப் பெட்டியால் வேட்டி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், ஊர் எது என்று விசாரித்துவிட்டுத் தன் பேரன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிப்பதைச் சொன்னார். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். “முதல்ல ஒரு வருஷம் வாயே திறக்கலைங்க” என்றார்.

வாய் திறக்காத அந்த ஒரு வருஷத்துக்கு எர்ணாகுளம் மாவட்டத்திலேயே ஒரு மருந்து கண்டிருக்கிறார்கள். பினானிபுரம் அரசுப் பள்ளியில் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் 2017ல் மாவட்ட நிர்வாகத்தின் திட்டமானது. வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கானது அது. காலையில் வகுப்பு தொடங்குவதற்கு முன் சிற்றுண்டி கொடுத்து ஒரு கூடுதல் வகுப்பு வைத்தார்கள். பிள்ளையின் மொழி தெரிந்த தொண்டர் அதில் இருந்தார். பிள்ளையின் மொழியில் பேச்சைத் தொடங்கி, சொல் சொல்லாக மலையாளத்துக்குக் கொண்டுவருவதுதான் முறை. பெரியவர்களுக்கு அதே 2017ல் மாநில எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ திட்டத்தைத் தொடங்கியது; ‘ஹமாரி மலையாளம்’ என்று இந்தி வழியாக மலையாளம் கற்கும் புத்தகமும் போட்டது. சவேரியார் இருமொழி தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்த அதே வேலையை, நம் காலத்தில் ஓர் அரசுப் பள்ளி குழந்தைகளுக்காகச் செய்தது.

திருப்பூரிலும் ஒரகடத்திலும் நம் பள்ளிகளுக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆண்டுகளை நாம் மந்தம் என்று எழுதிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷிவேலி பள்ளியின் அட்டைகளையும் ஏணிப்படியையும் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தாங்களே அட்டையை எடுத்து, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்ன அந்த வகுப்புகளில் நான் பாடம் எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் கை உயரத்தில் அவர்களுக்கே உரிய கரும்பலகை இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். அப்புறம் திட்டங்கள் மாறின. 2021ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தெருவுக்குத் தெரு தன்னார்வலர் அக்காக்கள் உட்கார்ந்தது கண்டு மறுபடி மனம் நிறைந்தது.

ஆனால் துணைக்கருவி என்றதும் நம் பயிற்சி அறைகளில் இன்னும் கண்ணுக்கு அழகானதைத்தான் தேடுகிறோம். ஒரு கண்காட்சியில் லேமினேட் செய்த சார்ட்டைத் தொட்டுப் பார்த்த ஒரு பிள்ளையின் கையைத் தட்டிவிட்டார்கள். அந்தச் சார்ட்டைச் செய்த ஆசிரியை இரண்டு இரவு கண்விழித்து அதை ஒட்டியிருந்தார். அவர் பாடு எனக்குத் தெரியும். அவர் நேரத்தை அப்படிச் செலவழிக்க வைத்த ஏற்பாட்டின் மேல்தான் எனக்குக் கோபம். பிள்ளை தொடக் கூடாத துணைக்கருவி சுவருக்குத்தான் துணை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடமும், நம்மை வழிநடத்தும் வட்டார வள மையத் தோழர்களிடமும் நான் கேட்பது கொஞ்சம்தான். ஒன்றாம் வகுப்பில் ஒரு தட்டு மணல் வையுங்கள். ஜூன் மாதமே ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். வாரம் ஒரு மணி நேரமாவது மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் ஆசிரியராக உட்காரவையுங்கள். அடுத்த களப்பயணத்துக்கு இடம் கேட்டால் மட்டாஞ்சேரியைச் சொல்லுங்கள். எர்ணாகுளத்திலிருந்து படகில் போகலாம். அரண்மனை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும் யூத ஆலயம் சனிக்கிழமையும் திறப்பதில்லை; ஞாயிறு முதல் வியாழன் வரை பார்த்துக் கிளம்புங்கள்.